பால்டிக் துறைமுகக் கோட்டையைப் பிடிக்க: தாக்குவதா, தோண்டுவதா, எரிப்பதா, பட்டினி போடுவதா?

ஜெர்மனியின் பால்டிக் கரையில் இருக்கும் ஸ்ட்ரால்சுண்ட் ஊரைச் சுற்றித் தண்ணீர். வடகிழக்கே ஊருக்கும் ரூகன் தீவுக்கும் நடுவே ஒரு கடல்கால், நிலப்பக்கமெல்லாம் குளங்கள். குளங்களுக்கு இடையே மூன்று மண்கரைகள், அவற்றின் மேல் மூன்று சாலைகள், சாலை முடிகிற இடத்தில் மூன்று வாசல்கள்: க்னீப்பர், டிரிப்சேயர், ஃப்ராங்கன். இருபதாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் முட்டிப் பார்க்க இந்த மூன்று இடம்தான் உண்டு. ரீகாவில் (இன்றைய லாட்வியாவின் தலைநகர்) குளங்களுக்குப் பதில் டௌகாவா ஆறு. டான்சிக்கில் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) விஸ்துலா ஆறும், வெள்ளம் பாய்ச்சக்கூடிய தாழ்நிலமும்.

1600 முதல் 1715 வரை இந்த ஊர்களின் முன் வந்து நின்ற படைத்தலைவர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட வேண்டியிருந்தது. ஏணியோடும் வாளோடும் நேரே பாய்வது, குழி தோண்டி மதிலை நெருங்குவது, குண்டு வீசி ஊரை எரிப்பது, வழியடைத்துப் பட்டினி போடுவது என்று நான்கு வழிகள். அதிகம் பேசப்படாத ஐந்தாவது வழியும் ஒன்று உண்டு. அது பின்னால் வருகிறது. நான்கும் எங்காவது ஒருமுறை வென்றிருக்கின்றன, எங்காவது ஒருமுறை கேவலமாகத் தோற்றும் இருக்கின்றன. ஆகவே "எது சிறந்தது" என்று கேட்டால் பதில் வராது. எது எப்போது என்று கேட்க வேண்டும்.

(தேதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அன்று சுவீடனும் ரஷ்யாவும் பழைய நாள்காட்டியில் இருந்தன, போலந்து புதியதில். 17-ஆம் நூற்றாண்டில் 10 நாள், 18-இல் 11 நாள் வித்தியாசம். இங்கே நாள் குறிப்பிட்ட இடங்களில் எல்லாம் புதிய நாள்காட்டிதான்.)

முதலில் தண்ணீர்க் கணக்கு

நம் புறத்திணையில் கோட்டையை வளைப்பவன் உழிஞை சூடுவான், காப்பவன் நொச்சி சூடுவான். தரப்பு இரண்டோடு முடிந்தது. பால்டிக்கில் மூன்றாவதாகக் கடல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது யார் பக்கம் என்று தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு சிப்பாய்க்கு நாளுக்கு இரண்டு பவுண்டு ரொட்டி, அதாவது ஏறக்குறைய 900 கிராம் என்பது அந்தக் காலத்துப் படைகளின் பொது வழக்கம். உள்ளே 5,000 பேர் காவல் இருந்தால் நாளுக்கு நாலரை டன். 200 டன் தானியத்தோடு ஒரே ஒரு கப்பல் உள்ளே நுழைந்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றரை மாதக் கவலை தீர்ந்தது. வெளியே 20,000 பேர் இருந்தால் நாளுக்கு 18 டன்; வண்டிக்கு 600 கிலோ என்று வைத்தாலும் தினம் 30 வண்டி, சேறான சாலையில். குதிரைத் தீவனம் தனி: ஒரு குதிரை நாளுக்குப் பத்துக் கிலோவாவது தின்னும். சுற்று வட்டாரத்துப் புல் மூன்று நாலு வாரத்தில் மொட்டையாகிவிடும். கடல்வழி திறந்திருக்கும் ஊரைப் பட்டினி போடப் போனவன்தான் முதலில் பட்டினி கிடப்பான்.

1656-இல் ரஷ்ய ஜார் அலெக்ஸேய் சுவீடன் வசமிருந்த ரீகாவுக்கு வந்தது இப்படித்தான். டௌகாவா வழியே படகுகளில் படையையும் தளவாடத்தையும் இறக்கி, வழியில் இருந்த கோட்டைகளைப் பிடித்து, ஆகஸ்டில் ஊரை வளைத்தார். ஆற்றின் மேற்புறம் அவர் கையில், கழிமுகம் சுவீடன் கையில். பீரங்கி பேசிக்கொண்டிருந்தபோதே கடல் வழியாகப் புதிய ஆட்கள் உள்ளே வந்தார்கள். அக்டோபரில் காவற்படை வெளியே பாய்ந்து அடித்தது. சில நாளில் முற்றுகை கலைந்தது. தரையில் பெரிய படை இருந்தும் கடலில் ஒரு போர்க்கப்பல் இல்லாததற்கு இதைவிடத் தெளிவான கணக்குத் தீர்ப்பு கிடையாது.

தண்ணீரை அடைப்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ரீகாவில் ஊரிலிருந்து கழிமுகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். கழிமுகத்தில் டூனமுண்டே கோட்டை. நடுவில் இரு கரையிலும் பீரங்கி மேடை கட்டி, மரத்துண்டுகளைச் சங்கிலியால் கோத்து ஆற்றுக்குக் குறுக்கே போட்டால் கடற்படையே வேண்டாம். 1710 வசந்தத்தில் ரஷ்யர்கள் செய்தது இதுதான். உதவிக்கு வந்த சுவீடன் கப்பல்கள் திரும்பிப் போயின. ஸ்ட்ரால்சுண்டில் இது நடக்காது. கடல்கால் அகலம், அதன் அக்கரை ரூகன். ரூகன் கையில் இல்லாமல் ஸ்ட்ரால்சுண்டை வளைத்தேன் என்று சொல்வது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்த மாதிரி.

கப்பலை மட்டும் நம்பினால் வரும் கோளாறு வேறு. டான்சிக்கை அடைத்து நின்ற சுவீடன் கப்பல்களில் ஒரு பகுதி 1627 இலையுதிர்காலத்தில் தாயகம் திரும்பிவிட்டது. மிச்சம் நின்ற ஆறு கப்பல்களை நவம்பர் 28 அன்று ஒலிவா அருகே போலந்தின் சிறிய கடற்படை தாக்கியது. ஒன்றைப் பிடித்தது, இன்னொன்று பிடிபடாமலிருக்கத் தானே வெடித்துக்கொண்டது. கடலடைப்பு குளிருக்கு முந்தைய வாரங்களில்தான் மெலிந்துபோகும். உள்ளே இருப்பவனுக்கும் அது தெரியும்.

நேரே பாய்வது

1628 ஏப்ரலில் தன் படைத்தலைவர் வாலன்ஸ்டைனுக்குப் புனித ரோமானியப் பேரரசர் கொடுத்த பட்டங்களில் ஒன்று, பெருங்கடலுக்கும் பால்டிக்கிற்கும் தளபதி. கையில் கடற்படை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஸ்ட்ரால்சுண்ட் துறைமுகத்தின் வாயில் இருக்கும் டேன்ஹோல்ம் என்ற குட்டித் தீவில் அவர் ஆட்கள் முன்பே இறங்கியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைப் படகுகளால் சூழ்ந்து, சோறில்லாமல் செய்து வெளியேற்றினார்கள். அவர் ஊருக்குச் செய்ய வேண்டியதை ஊர் அவருக்குச் செய்தது.

மே மாதம் அவருடைய தளபதி ஆர்னிம் தொடங்கிய தாக்குதல்கள் பலிக்கவில்லை. ஜூலையில் வாலன்ஸ்டைனே வந்து இரவு இரவாக வாசல்களின் மேல் பாய்ந்தார். ஃப்ராங்கன் வாசலின் புற அரண்களில் டென்மார்க்குக்காகப் போரிட்ட ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு பெரும் சேதம் தாங்கி நின்றது. டென்மார்க்கும் சுவீடனும் மாறி மாறிக் கடல் வழியே ஆள் இறக்கின. ஜூலைக் கடைசியில் மழை கொட்டிக் குழிகள் சேறாயின. ஆகஸ்ட் தொடக்கத்தில் படை கிளம்பிவிட்டது.

ஏன் தோற்றது? வாசலுக்கு முன் மண்கரையில் சில பத்துப் பேர்தான் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியும். பின்னால் ஆயிரம் பேர் நின்றாலும் முன்னால் போகிறவர்கள் அந்தச் சிலரே. இருபக்கமும் குளம், ஆகவே விலாவிலிருந்து அடிக்க வழியில்லை. உள்ளே இருப்பவனோ தளர்ந்த ஆளை மாற்றிப் புது ஆளை நிறுத்துகிறான். நேரடித் தாக்குதல் முழு ஊரின் மேல் வேலை செய்யாது. புற அரண் ஒன்றின் மேல், அதுவும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தால் நன்றாகவே வேலை செய்யும்.

1715 நவம்பரில், அதற்குள் சுவீடன் வசமாகியிருந்த அதே ஸ்ட்ரால்சுண்டின் தெற்குப் பக்கம் சுவீடன் வெட்டியிருந்த நீண்ட வெளி அரண்வரிசையைப் பிரஷ்யர் பிடித்த விதம் பாடம். வரிசையின் ஒரு முனை கடலில் முடிந்தது. கடல் காக்கும் என்ற நம்பிக்கை. பால்டிக்கில் ஏற்றவற்றம் பேருக்குத்தான். நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது காற்று. கரையோரம் இறங்கி நடக்குமளவு ஆழம் குறைவு என்று தெரிந்துகொண்டு, ஒரு பிரிவு இரவில் தண்ணீருக்குள் இறங்கி முனையைச் சுற்றி வந்து பின்னாலிருந்து அடித்தது. முன்னாலிருந்து மோதியிருந்தால் பல நாள் பிடித்திருக்கும்.

தோண்டிப் போவது

பொறுமையும் பணமும் உள்ளவனுக்கு உகந்த வழி. 1621-இல் சுவீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப், அன்று போலந்து–லித்துவேனியா வசமிருந்த ரீகாவில் செய்தது இதற்கு நல்ல மாதிரி. ஆகஸ்டில் கடல்வழியே வந்திறங்கினார். ஊருக்குள் கூலிப்படை சில நூறு. மிச்சம் ஆயுதம் ஏந்திய நகரவாசிகள். செப்டம்பர் 25 அன்று ஊர் சரண். ஏறக்குறைய ஐந்தரை வாரம்.

வேலை நடக்கும் விதம் இது. இருட்டியதும் ஒவ்வொருவனும் மண்வெட்டி, கடப்பாரை, ஒரு சுள்ளிக்கட்டு எடுத்துக்கொண்டு குறித்த கோட்டில் படுப்பான். சுள்ளிக்கட்டை முன்னால் போட்டு அதன் பின்னால் தோண்டுவான். விடியும்போது இடுப்பளவாவது பள்ளமும் எதிரி பக்கம் மண்மேடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பிணம்தான். அங்கிருந்து கோட்டையை நோக்கி நேர்க்கோட்டில் போகக்கூடாது. போனால் மதில்மேல் இருக்கும் ஒரே பீரங்கி குழியின் நீளத்துக்கும் சுட்டுவிடும். வளைந்து வளைந்து போக வேண்டும். நெருங்க நெருங்க, மண் நிரப்பிய பிரம்புக் கூடைகளை ஒவ்வொன்றாய் முன்னால் வைத்து அதன் மறைவில் தோண்டுவார்கள். மதிலுக்கு இணையாக மூன்று நீள்குழிகள் வெட்டி, முதலாவதை ஏறத்தாழ 600 மீட்டரில் தொடங்கும், பிரெஞ்சுப் பொறியாளர் வோபானின் முறை 1673-இல் மாஸ்ட்ரிக்ட்டில்தான் வந்தது; 1621-இல் அது இல்லை. அன்று டச்சுக்காரர்களிடமிருந்து கற்ற பழைய பாணி. குஸ்தாவ் வேறொன்றையும் டச்சுக்காரர்களிடம் கற்றிருந்தார்: சிப்பாயே தோண்ட வேண்டும். பல படைகளில் அது இழிவான வேலை. கூலிக் குடியானவனைத்தான் பிடித்து வருவார்கள். ராஜாவே மண்வெட்டி எடுத்தார் என்பார்கள்.

ரீகாவில் பாய்ச்சல்கள் முறியடிக்கப்பட்டன. கடைசியில் முடித்து வைத்தது மதிலடியில் தோண்டி மருந்து நிரப்பிய சுரங்கங்கள்தான். கொளுத்தப் போகிறோம், சில மணி நேரம் தருகிறோம் என்றதும் நகரசபை பேச வந்தது. சுரங்கத்தை வெடிக்காமலே வென்றதால் மதில் முழுசாகக் கையில் வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வழியில் இதன் எதிர்ப்பக்கம் வரும்.

எங்கே சிக்கும்? மூன்று இடத்தில்.

பால்டிக் கரை மணலும் சதுப்பும். முக்கால் மீட்டர் தோண்டினால் நீர் ஊறும் இடங்கள் நிறைய. அங்கே பள்ளம் தோண்டுவதை விட்டுவிட்டு, கூடையும் சுள்ளியும் கொண்டு மேலே சுவர் எழுப்ப வேண்டும்; மண்ணைத் தொலைவிலிருந்து சுமக்க வேண்டும், வேகம் பாதியாகும். சுரங்கம் என்ற பேச்சே பல இடத்தில் கிடையாது.

அடுத்தது பீரங்கி. மதிலை உடைக்க 24 பவுண்டுப் பீரங்கி வேண்டும். குழல் மட்டும் இரண்டரை டன் போல. ஒரு வெடிக்கு 11 கிலோவுக்கு மேல் இரும்பு, நாலைந்து கிலோ மருந்து. இருபது பீரங்கி தலா நாளுக்கு நூறு வெடி போட்டால் 23 டன் இரும்பு, 10 டன் மருந்து. இது தரைவழியில் வராது, கப்பலில்தான் வரும். 1711-இல் டென்மார்க், சாக்சனி, ரஷ்யா மூன்றும் சேர்ந்து ஸ்ட்ரால்சுண்ட் முன் வந்து உட்கார்ந்தன. கனரகப் பீரங்கி நேரத்துக்கு வந்து சேரவில்லை. குளிரில் மாதக்கணக்காக உட்கார்ந்து, 1712 ஜனவரியில் எழுந்து போயின. பீரங்கி வரும் தேதி உறுதியாகும் முன் படையை நகர்த்தாதே என்பதற்கு இந்த ஒரு முற்றுகை போதும்.

மூன்றாவது, மீட்க வரும் படை. 1605-இல் குஸ்தாவின் தந்தை ஒன்பதாம் சார்லஸ் இதே ரீகாவை வளைத்திருந்தார். போலந்து–லித்துவேனியத் தளபதி ஹோட்கெவிச் நான்காயிரத்துக்கும் குறைவான ஆட்களோடு வருகிறார் என்று கேட்டு, முற்றுகையை விட்டுச் சுமார் 11,000 பேருடன் எதிரே போனார். செப்டம்பர் 27 அன்று கிர்ஹோல்மில் போலந்து–லித்துவேனியக் குதிரைப்படை அவர் படையை நொறுக்கியது. ரீகாவும் போயிற்று. மகன் புத்திசாலி; போலந்தின் பெரும்படை கோத்தின் கோட்டையில் ஒட்டோமான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தார். லித்துவேனியத் தளபதி கிறிஸ்டோஃப் ராட்ஸிவில் ஒரு சிறு படையோடு வந்து பார்த்தார்; சுவீடன் வரிசைகளை அசைக்க முடியவில்லை, திரும்பினார். 1621-இன் வெற்றியில் பாதி மண்வெட்டியுடையது, பாதி நாள் பார்த்தவனுடையது.

எரிப்பது

எல்லா வழிகளிலும் குறைந்த நேரம் பிடிப்பது இதுதான். 1678 இலையுதிர்காலத்தில் பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம் முதலில் ரூகனில் இறங்கி அதைப் பிடித்தார். பிறகு ஸ்ட்ரால்சுண்டின் முன் மார்ட்டர்களையும் பீரங்கிகளையும் வரிசையாக நிறுத்தி, அக்டோபரில் ஒரே இரவில் ஊரைக் கொளுத்தினார். மதிலில் உடைப்பு இல்லை, பாய்ச்சல் இல்லை. சரணடைதல் நாள்கணக்கில் வந்துவிட்டது.

கருவி இரண்டு. மார்ட்டர் செங்குத்தாக எறியும் வெடிகுண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழும். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு மரத்தில் புதைந்து புகையும். காய்ச்சிய குண்டைப் போடும் முறையில் தவறினால் சுடுபவனே சாவான்: மருந்தின் மேல் உலர்ந்த அடைப்பு, அதன் மேல் ஈரக் களிமண் அல்லது ஈரப் புல்மண் அடைப்பு, அதன் பிறகுதான் இடுக்கியால் குண்டு. போட்டதும் தாமதமின்றிச் சுட வேண்டும். ஈரம் ஆவியானால் மருந்து தானாகப் பற்றும். உள்ளே இருப்பவர்களின் மருந்து: பரணில் மணல், ஈரத் தோல், தொட்டிகளில் தண்ணீர், தெருவுக்கு இத்தனை பேர் என்று காவல். ஓரிரண்டு தீயை அணைக்கலாம். ஐம்பது இடத்தில் ஒரே நேரத்தில் பிடித்தால் முடியாது. ஆகவே குண்டை இரண்டு வாரத்துக்குப் பரப்பிச் சிக்கனம் பிடிப்பது முட்டாள்தனம். ஒரு இரவில் கொட்ட வேண்டும்.

இந்த வழி குறி வைப்பது மதிலையல்ல, வீடும் கிடங்கும் உள்ள வணிகனை. அவன் பேச்சு எடுபடும் ஊரில் பலிக்கும். விடாக்கண்டனான ஆளுநரின் முன் பலிக்காது. 1700-இல் சாக்சனியர் ரீகாவைத் திடீரென்று பிடிக்க வந்து, டூனமுண்டேயைக் கைப்பற்றி, பின்னர் ஊரின் மேல் குண்டும் வீசினார்கள். உள்ளே ஆளுநராக இருந்தவர் எரிக் டால்பெர்க். எழுபதைத் தாண்டிய கோட்டைப் பொறியாளர், வாழ்நாளெல்லாம் சுவீடனுக்குக் கோட்டை வரைந்தவர். எதிரி ஒதுங்க மறைவிருக்கக் கூடாதென்று புறநகரைத் தானே கொளுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். செப்டம்பரில் சாக்சனியர் கலைந்தார்கள்.

இன்னொரு விலையும் உண்டு. துறைமுகத்தை எதற்குப் பிடிக்கிறோம்? சுங்கத்துக்கும் கிடங்குக்கும். 1678-இல் பிரெடரிக் வில்லியத்துக்குக் கிடைத்தது கரி. அதையும் அடுத்த ஆண்டு பிரான்சின் நெருக்கலில் செய்த உடன்படிக்கைப்படி சுவீடனுக்கே திருப்பிக் கொடுத்தார்.

பட்டினி போடுவது

மலிவானது என்று பேர். 1709 இலையுதிர்காலத்தில், பொல்டாவாவில் ரஷ்யா சுவீடனை வென்ற பின், ரஷ்யத் தளபதி ஷெரெமெத்யேவ் ரீகாவுக்கு வந்தார். நவம்பரில் ஜார் பீட்டரே வந்து முதல் மூன்று குண்டுகளைத் தன் கையால் சுட்டுவிட்டு, பாய வேண்டாம், அடைத்து வை என்று சொல்லிப் போனார். சரியான முடிவு. கோட்டை வலுவானது, உள்ளே 13,000-க்கு மேல் காவற்படை, மண் உறையப் போகிறது. உறைந்த மண்ணில் குழி வெட்ட முடியாது. பெரும்படை பக்கத்துக் கூர்லாந்தில் குளிர்காலத்தைக் கழிக்க, ரெப்னின் தலைமையில் ஆறு ஏழாயிரம் பேர் மட்டும் ஊரைச் சுற்றி நின்றார்கள். குளிர்காலத்தில் பனி ஆற்றையும் கடலையும் பூட்டிவிடுவதால் அடைப்பவனுக்குச் செலவு குறைவு. வசந்தத்தில் பனி உருகும் நாள்தான் ஆபத்து. அதற்கு முன் சங்கிலியும் கரை மேடைகளும் தயாராக வேண்டும். மேலே சொன்ன ஆற்றடைப்பு அந்த நேரத்துக்கானது.

காவற்படையின் எண்ணிக்கை அதிகம் என்பது இங்கே காப்பவனுக்குப் பலவீனமாக மாறுகிறது: பாய்ச்சலைத் தடுக்க உதவும் 13,000 வயிறுகள் பட்டினியில் எதிரிக்கு உதவுகின்றன. புறநகர் அகதிகளும் உள்ளே நெரிந்திருந்தால் இன்னும் வேகம்.

பிறகு மே மாதம் கொள்ளைநோய் வந்தது. அது மதில் பார்த்து நிற்கவில்லை. ரஷ்யப் படை கிட்டத்தட்ட 10,000 பேரை இழந்தது. பாய்ந்து பிடித்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய சேதத்துக்கு இது குறைவா என்று கேட்டால், உறுதியாக ஆம் என்று சொல்ல முடியாது. ஜூன் கடைசியில் பத்து நாள் தொடர்ந்து குண்டுமழை. ஜூலை 15-இல் ஆளுநர் ஸ்ட்ரோம்பெர்க் ஒப்பந்தம் செய்தபோது அவரிடம் இருந்தவர்கள் ஐயாயிரம் சொச்சம், அவர்களில் பாதிக்கு மேல் நோயாளிகள். பட்டினி வழியின் மறைவுச் செலவு இது: எட்டு மாதம் ஒரே இடத்தில் படுத்த படை, அதன் கழிவு, அதன் தண்ணீர். முகாமை நகர்த்திக்கொண்டே இருக்கவும், கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் தூரம் வைக்கவும் தெரியாத தளபதி இந்த வழியை எடுக்கக்கூடாது.

பிடிக்காமலே விடுவது

ஐந்தாவது வழி. 1626-இல் குஸ்தாவ் அடோல்ஃப் டான்சிக் மதிலில் முட்டவில்லை. பிலாவு, எல்பிங் போன்ற சுற்றுத் துறைமுகங்களைப் பிடித்து, கடலில் கப்பல் நிறுத்தினார். 1629-இல் போலந்தோடு ஆல்ட்மார்க் உடன்படிக்கை வந்தபோது பிரஷ்யத் துறைமுகங்களின் சுங்கம் அவருக்கு வந்தது. டான்சிக்கும் தன் சுங்கத்தில் பெரும்பங்கு கொடுக்க ஒப்புக்கொண்டது. ஊர் தன் மதிலோடும் சபையோடும் இருந்தது, காசு சுவீடனுக்குப் போயிற்று, அந்தக் காசில் ஜெர்மனிப் போர் நடந்தது. வருமானம்தான் நோக்கம் என்றால், இந்தப் பட்டியலில் இதுவே முதல் தேர்வு. கப்பல்தளமோ படை இறக்க ஒரு காலடியோ வேண்டும் என்றால் உதவாது.

எதை எடுப்பது

தண்ணீரை அடைக்க முடியவில்லையா, ஐந்தாவதைத் தவிர எதையும் தொடாதீர்கள். அடைக்க முடியும், மீட்புப்படை வராது, மே–ஜூனில் கனரகப் பீரங்கி கையில் இருக்கிறது என்றால் தோண்டுங்கள். செப்டம்பரில்தான் தொடங்க முடிகிறது, உள்ளே காவற்படை சிறியது, நகரசபை கை ஓங்கியிருக்கிறது என்றால் எரிப்பது வேகம். சாம்பல்தான் கிடைக்கும் என்று முன்பே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உள்ளே கூட்டம் அதிகம், அவர்கள் நாட்டின் களப்படை வேறெங்கோ அழிந்துவிட்டது என்றால் பட்டினி.

நடைமுறையில் ஒன்றை மட்டும் எடுத்தவர்கள் குறைவு. வரிசைப்படுத்தத் தெரிந்தவர்களே வென்றார்கள். 1715-இல் பிரஷ்யரும் டேனியரும் சாக்சனியரும் ஸ்ட்ரால்சுண்டில் போட்ட வரிசை இது. ஆகஸ்டில் பேனமுண்டே அரணைப் பாய்ந்து பிடித்து, ஆழமற்ற நீரில் போகக்கூடிய டேனியக் கப்பல்களுக்கு உள்கடலைத் திறந்தார்கள். அக்டோபரில் ஊர் முன் குழி வெட்டத் தொடங்கினார்கள். நவம்பர் தொடக்கத்தில் அந்தத் தண்ணீர்வழிச் சுற்று. நவம்பர் 15 ரூகனில் இறக்கம். இறங்கிய சில மணி நேரத்தில் பிரஷ்யத் தளபதி அன்ஹால்ட்-டெஸ்ஸாவின் லியோபோல்ட் படையைச் சுற்றிப் பள்ளமும் முள்வேலிக் கட்டைகளும் போட வைத்தார். அன்றிரவே சுவீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லஸ் சில ஆயிரம் பேரோடு வந்து அந்தக் கட்டைகளில் மோதிக் காயத்தோடு திரும்பினார். ரூகன் போனதும் கொல்லைக்கதவு சாத்தப்பட்டது. டிசம்பர் 5 ஃப்ராங்கன் வாசல் முன்னிருந்த புற அரணும் விழுந்தது.

அப்போது குளிர் இறுகிக்கொண்டிருந்தது. நூறாண்டாக ஊரைக் காத்த குளங்கள் உறைந்தால் மூன்று வாசல் என்ற கணக்கே இல்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் நடந்து வரலாம். சார்லஸ் ஒரு சிறு படகில் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வெளியேறினார். ஓரிரு நாளில் ஊர் சரணடைந்தது.